நேற்றிரவு வார்டில் எத்தனை பேர்?

கோயம்புத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பொள்ளாச்சியில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஓராண்டு வேலை பார்த்த பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அடுத்த வியாழக்கிழமை பாலக்காட்டில் 150 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நேர்காணல். நாமும் கேள்வி கேட்க வேண்டும் என்கிறார்கள் தோழிகள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்கிறார் அப்பா. என்னதான் கேட்பது, அக்கா?”

அக்கா என்று அழைத்துவிட்டீர்கள்; என் வயதுக்கு அம்மா என்றே அழைத்திருக்கலாம், பரவாயில்லை. நான் பாலக்காடு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், பஸ் ஏறிச் சித்தூரில் இறங்கினால் மலையாளம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் நர்சிங் சூப்பிரண்டு. அதாவது நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கத்து நாற்காலி.

அப்பாவின் பயம் பொய்யானதல்ல, பழையது. நான் வேலை தேடிய காலத்தில் ஓர் இடத்துக்கு நாற்பது பேர் வரிசையில் நின்றோம். இப்போது நல்ல நர்ஸ் கிடைக்காமல் முழிப்பது மருத்துவமனைதான். பழக்கி எடுத்த பெண் இரண்டு ஆண்டுகளில் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுகிறாள். பணிவாகக் கேட்கப்பட்ட கேள்விக்காக ஒருவரை நான் தள்ளியதே இல்லை. கேள்வி கேட்டதற்காகவே உங்களைத் தள்ளுகிற இடம் என்றால், இரவு இரண்டு மணிக்கு மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்து டாக்டரை எழுப்பினால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1992இல் என் முதல் நேர்காணல். கடைசியில் மேலாளர், “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார். “ஒன்றுமில்லை சார்” என்றேன். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். நான்காம் நாள் இரவுப் பணி. முப்பத்து நான்கு படுக்கைகள், நான், ஒரு ஆயாம்மா. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மூலையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்த பெரியவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மறுமூலையில் அறுவை சிகிச்சை முடிந்த பெண்ணுக்குக் கட்டு நனைந்துவிட்டது. ஆயாம்மாவை ஈரக் கட்டின் மேல் கையை அழுத்திக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டுப் பெரியவரிடம் ஓடி, ரத்தத்தை நிறுத்தி, டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். இருவரும் பிழைத்தார்கள். அது என் திறமையில்லை, அவர்களுடைய ஆயுள் கெட்டி. நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இடத்தில் கால் வைத்திருக்க மாட்டேன்.

அந்தக் கேள்வி: “எனக்குத் தரப்போகிற வார்டில் நேற்றிரவு எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், எத்தனை நர்சுகள் இருந்தார்கள்?”

இதில் நேற்றிரவு என்ற சொல்தான் முக்கியம். “ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள்?” என்று பொதுவாகக் கேட்டால், விதிமுறைப் புத்தகத்தில் உள்ள பதில் வரும். அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்கும் மருத்துவமனை என்றால் மனப்பாடமாகவே சொல்வார்கள்: வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவர், வென்டிலேட்டர் இல்லாத தீவிர சிகிச்சை நோயாளிகள் இருவருக்கு ஒருவர், பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர். கணக்கு சரியானதுதான். ஆனால் அது ஆய்வுக்குழு வரும் நாளின் கணக்காக இருக்கலாம். நேற்றிரவுக்கு ஒரே ஓர் எண்தான் உண்டு. சூப்பிரண்டு அதை உடனே சொன்னால், கூடுதலோ குறைவோ, அந்த அம்மாள் தன் வார்டை அறிந்தவர். “சூழ்நிலையைப் பொறுத்தது” என்று இழுத்தால் எண்ணிக்கை சொல்லும்படியாக இல்லை என்று அர்த்தம். நீங்கள் கேட்கப்போகும் மற்ற எதையும் இந்த அச்சில்தான் வார்க்க வேண்டும். விதியை விசாரிக்காதீர்கள், நேற்று நடந்ததை, போன மாதம் நடந்ததை, கடைசியாகச் சேர்ந்தவருக்கு நடந்ததை விசாரியுங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது என்னைத் திணறடித்த கேள்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாளையாறு பக்கத்திலிருந்து வந்த பெண், இருபத்து மூன்று வயது இருக்கும். “மேடம், இன்சுலின், ஹெப்பாரின் மாதிரி அளவு தவறினால் ஆபத்தான மருந்து போடும்போது இரண்டாவது நர்ஸ் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? இரவில் ஒருவர் மட்டும் இருக்கும்போது அந்தக் கையெழுத்தை யார் போடுவார்கள்?” என்று கேட்டாள். என் பக்கத்தில் இருந்த மனிதவள அதிகாரிக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் வார்டில் காலையில் வருகிறவர் வந்ததும் முந்தைய இரவின் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அது தெரியும். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டோம். ஆனால் அவள் வரவில்லை, வேறெங்கோ சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் இரவுப் பட்டியலில் ஓர் ஆள் கூட்டும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்தக் கேள்வியை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நேர்மையான பதில் சொல்கிற இடத்தில் மற்றவை பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

இதையொட்டி இன்னும் இரண்டு. முதல் இரவுப் பணியைத் தனியாகப் பார்ப்பதற்கு முன் எத்தனை நாள் ஒருவருடன் சேர்த்து விடுவார்கள். கடைசியாகச் சேர்ந்த பெண்ணுக்கு எத்தனை நாள் விட்டார்கள். என் அனுபவத்தில் ஓராண்டு மட்டும் வேலை பார்த்தவருக்கு இரண்டு வாரமாவது வேண்டும். பிறகு, ஆள் குறையும் நாளில் உங்களை வேறு வார்டுக்கு மாற்றி அனுப்புவார்களா, டயாலிசிஸ், பிரசவ அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற பழக்கமில்லாத இடத்துக்கும் அனுப்புவார்களா என்பது. அனுப்பாத மருத்துவமனை கிடையாது. அங்கே போனால் உங்களிடம் என்ன பொறுப்பைக் கொடுப்பார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

பணி நேரம். கேரளத்து நர்சுகள் ஆறு-ஆறு-பன்னிரண்டு என்று ஒரு முறையைச் சொல்வார்கள்: பகலில் ஆறு மணி நேரப் பணிகள் இரண்டு, இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரம். அதற்காகத்தான் அங்கே பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. உங்களை அழைத்திருக்கும் இடத்தில் அது இருக்கிறதா, எட்டு மணி நேரப் பணியா, பன்னிரண்டும் பன்னிரண்டுமா என்று கேளுங்கள். தொடர்ந்து எத்தனை இரவுகள், அதன் பிறகு எத்தனை நாள் ஓய்வு என்பதையும் கேளுங்கள். பணி எட்டு மணிக்கு முடியும் என்பார்கள். அடுத்து வருகிறவரிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்து நீங்கள் வாசலுக்கு வரும்போது எட்டே முக்கால். பாலக்காட்டிலிருந்து கிராமப்பக்கம் போகிற பஸ் அந்த நேரத்தில் உங்களுக்காகக் காத்திருக்காது. மருத்துவமனை வண்டி இருக்கிறதா, அது எதுவரை வரும் என்று கேட்பதில் கூச்சம் எதற்கு?

இப்போது சம்பளம். கேட்கலாம், முதல் கேள்வியாக மட்டும் வேண்டாம். சூப்பிரண்டிடம் கேட்காமல் மனிதவள அதிகாரியிடம் கேளுங்கள். சூப்பிரண்டிடம் வார்டு, அதிகாரியிடம் காசு: இந்த வரம்பை மீறாதவர்கள் மீது இரண்டு பேருக்கும் மதிப்பு வரும். “கையில் எவ்வளவு வரும்?” என்று நேராகக் கேளுங்கள். மொத்தம் இருபத்திரண்டாயிரம் என்று சொல்லி, விடுதி, சாப்பாடு, சீருடை, பி.எஃப். எல்லாம் கழித்துப் பதினாறு கையில் வைப்பார்கள். பெயரை மறைத்துப் போன மாதச் சம்பளச் சீட்டு ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேட்டால் சிலர் காட்டுவார்கள். மருத்துவமனை கட்ட வேண்டிய பி.எஃப். பங்கையும் உங்கள் சம்பளக் கணக்கிலேயே சேர்த்துக் காட்டுகிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். பொள்ளாச்சியில் உங்களுக்குப் பி.எஃப். எண் கொடுத்திருந்தால் அதே எண்ணைத் தொடரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைதான். உங்கள் சம்பளம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது; அப்படியென்றால் நீங்கள் படுத்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பதும் சம்பளத்தைச் சேர்ந்த கேள்வியே.

பேரம் பேசப் பின்னணி வேண்டுமென்றால் இரண்டு விஷயங்கள் போதும். 2018 ஏப்ரலில் கேரள அரசு வெளியிட்ட குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு தனியார் மருத்துவமனை நர்சுக்கு மாதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்கியது. அதற்கு முன்பு, 2016இல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்கு இணையான சம்பளம், 100 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டமல்ல. ஆனாலும் 150 படுக்கை மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு இதை அறிந்திருப்பதற்கும் அறியாமல் இருப்பதற்கும் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

“ஆறு மாதம் ட்ரெயினியாக இருங்கள், பிறகு பார்க்கலாம்” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே ஓராண்டு வேலை பார்த்தவர். ட்ரெயினி என்ற சொல் சம்பளத்தை மட்டும் குறைப்பதில்லை, பின்னால் அனுபவச் சான்றிதழையும் கெடுக்கும். சவூதி, துபாய், கத்தார் எங்கே போனாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் சான்றிதழைச் சரிபார்க்க இந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கும். அதில் ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்க வேண்டும், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் உங்கள் கடிதத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். “வெளிநாட்டுச் சரிபார்ப்புக் கடிதம் வந்தால் இங்கே யார் பதில் எழுதுகிறார்கள்?” என்று கேட்கலாமா என்றால், முதல் நேர்காணலில் வேண்டாம். வேலைக்கு வரும் முன்பே போகிற பேச்சாகிவிடும். அங்கே வேலை பார்த்து வெளிநாடு போன யாரையாவது பிடித்து விசாரியுங்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு, அசல் சான்றிதழ் இரண்டும்தான் என்னைச் சுட்ட சமாச்சாரம். என் இரண்டாவது வேலையில் அசல் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். குவைத்தில் வேலை கிடைத்தபோது, இரண்டு ஆண்டு பாண்டு முடியவில்லை, முப்பதாயிரம் கட்டு என்றார்கள். அந்தக் காலத்து முப்பதாயிரம். அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைக்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். குவைத் போயிற்று. இன்று உங்களுக்குச் சொல்கிறேன்: சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், கண் முன்னாலேயே திரும்ப வாங்குங்கள், நகலைக் கொடுங்கள். கல்விச் சான்றிதழ் பணயமாகப் பிடித்து வைக்கும் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நேர்காணலில் இதைச் சண்டையாக்க வேண்டாம். “சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டுமா, சரிபார்த்துத் தந்துவிடுவீர்களா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பாண்டு உண்டு என்றால் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். தர மறுத்தால், தொகை எழுதாத காசோலையைக் கேட்டால், எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லை தாண்டி வருகிறவர்களுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. கோயம்புத்தூர்ப் பெண்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் உங்கள் பதிவு இருந்தாலும், கேரளத்தில் வேலை பார்க்கக் கேரளக் கவுன்சிலின் பதிவு வேண்டும். சென்னையிலிருந்து உங்கள் பதிவு சரிதான், ஆட்சேபமில்லை என்ற தாள் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். இதற்கு நாட்களல்ல, மாதங்கள் ஆகலாம். “அதுவரை எனக்கு என்ன பதவி, என்ன வேலை, என்ன சம்பளம்? விண்ணப்பத்துக்கு மருத்துவமனை உதவுமா?” என்று கேளுங்கள். “அதெல்லாம் வரும்போது வரட்டும், நீ வார்டுக்குப் போ, சிஸ்டர் பெயரில் எழுதிக்கொள்” என்று யாராவது சொன்னால் அது உதவியே அல்ல. இன்னொருவர் பெயரில் நீங்கள் போட்ட ஊசியால் நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள், மருத்துவமனை தப்பித்துக்கொள்ளும்.

மொழியைப் பற்றி அவர்களே கேட்பார்கள். மலையாளம் புரியும் என்று சொல்லிவிடுவது நம்மவர்களின் வழக்கம். புரிவதாக நினைப்பதில்தான் ஆபத்து. பெரியவர் ஒருவர் “தலகறக்கம்” என்றார். புதிதாக வந்த ஈரோட்டுப் பெண் கறக்கிறது, குடைகிறது என்று எதையோ எண்ணித் தலைவலி மாத்திரை எடுக்கப் போனாள். அவர் சொன்னது தலைசுற்றலை. எழுந்து நடந்தால் விழுந்திருப்பார். “வெள்ளம்” கேட்டால் தண்ணீர் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு “ஓக்கானம்” என்றால் குமட்டல் என்பது தெரியச் சில வாரம் ஆகும். ஆகவே தைரியமாகக் கேளுங்கள்: “முதல் மாதம் மலையாளம் நன்றாகத் தெரிந்தவருடன் என்னைப் போடுவீர்களா?” இது பலவீனமாகத் தெரியாது. பாலக்காட்டு மருத்துவமனைகளுக்கு நம் பக்கத்து நோயாளிகளும் வருகிறார்கள். உங்கள் தமிழ் அவர்களுக்கும் வேண்டியதுதான்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நர்சின் கையில் குத்திவிடுகிற கதைக்கு வருகிறேன். “கடைசியாக ஒரு நர்சுக்கு ஊசி குத்தியபோது என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். எதிர்பார்க்க வேண்டிய பதில் இப்படி இருக்கும்: சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவச் செய்தோம், நோயாளியின் ரத்தத்தைச் சோதித்தோம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கினோம், செலவு எங்களுடையது. எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டினால் அந்த மருந்தால் பயனில்லை. ஞாயிறு இரவு குத்தினாலும் மருந்து எடுத்துத் தர ஆள் இருக்க வேண்டும். “இங்கே யாருக்கும் குத்தியதே இல்லை” என்று சொன்னால் நம்பாதீர்கள். குத்துகிறது, சொல்லப் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் போட்டுவிட்டீர்களா என்று உங்களையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வார்டு, தனிமை அறை பற்றியும் விசாரியுங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி இறந்துபோனதற்குப் பிறகு, இதைக் கேட்கும் நர்சைப் பார்த்துக் கேரளத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அவசரப் பிரிவில் போடுவதாக இருந்தால், நோயாளியுடன் வந்த கூட்டம் கை ஓங்கினால் யாரை அழைப்பது, இரவில் காவலர் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். 2023 மே மாதம் கொட்டாரக்கரை அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பணியில் இருக்கும்போதே குத்திக் கொல்லப்பட்டார். அதன் பிறகு கேரள அரசு தண்டனையைக் கடுமையாக்கியது. சட்டம் மறுநாள்தான் வரும், அந்த நிமிடத்துக்கு வாசலில் ஆள் வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய புகார்க் குழுவைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அந்தக் குழு கட்டாயம். உறுப்பினர் பெயர்ப் பட்டியல் சுவரில் இருக்கிறதா என்று நடக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமணம் எப்போது என்று உங்களைக் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டு நகருங்கள். பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரம், அதற்கு முந்தைய ஓராண்டில் எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்பது மட்டும் மனதில் இருக்கட்டும். பண்டிகை விடுப்பு பற்றிப் பேச்சை வளர்க்க வேண்டாம். ஓணத்துக்கு மலையாளப் பெண்ணின் பணியை நீங்கள் எடுத்துக்கொண்டால் பொங்கலுக்கு அவள் உங்களுடையதை எடுத்துக்கொள்வாள். இது நான் பார்த்தவரை எந்த நிர்வாகமும் போட்டுக் கொடுத்த ஏற்பாடு அல்ல. சித்தூரில் கொங்குப் படையை விரட்டியதைக் கொண்டாடும் கொங்கன்படைத் திருவிழா நாளில், கோயம்புத்தூர்க்காரிகளான உங்களைப் பார்த்து வார்டே சிரிக்கும். சிரிக்கட்டும்.

எப்படிக் கேட்பது? ஐந்துக்கு மேல் வேண்டாம். சிறு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், எடுத்துப் பார்த்துக் கேளுங்கள். மருந்து அட்டவணையைப் பார்த்துப் பழகிய கைக்கு அது இயல்புதான். நேற்றிரவு எண்ணிக்கை, இரண்டாவது கையெழுத்து, தனியாக விடும் முன் எத்தனை நாள், கேரளப் பதிவு வரும்வரை நிலைமை, கையில் வரும் சம்பளம்: நானாக இருந்தால் இந்த ஐந்து. பாண்டும் அசல் சான்றிதழும் வேலை உறுதியான பின், கையெழுத்துக்கு முன். பதில்களை வெளியே வந்ததும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பணி நியமனக் கடிதம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முடிந்தால் வார்டைக் காட்டச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டி விளிம்பு வரை நிரம்பி வழிகிறதா, அவசர மருந்து வண்டியின் சோதனைத் தாளில் இன்றைய தேதிக்குக் கையெழுத்து இருக்கிறதா, சுவரில் ஒட்டிய பணிப் பட்டியலில் சிவப்பு மையால் எத்தனை அடித்தல் திருத்தல் என்று பாருங்கள். விடுதி அறையைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா, அவ்வளவு போதும்.

பஸ் ஏறும் முன் கேண்டீனில் ஒரு டீ குடியுங்கள். சீருடையோடு ஒரு நர்ஸ் வந்து உட்காருவார். சம்பளம், சூப்பிரண்டு பற்றியெல்லாம் அவரிடம் கேட்காதீர்கள், முன்பின் தெரியாதவரிடம் சொல்ல மாட்டார். “சேச்சி, நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு மணி, ஒன்றரை என்று யோசிக்காமல் சொல்கிறாரா, இல்லை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு, “நேற்றா?” என்கிறாரா என்று பாருங்கள்.